பீலிக்கு வரச் சொன்ன மெசேஜ்

நீ வகுப்பில் பொய் சொல்கிறாய்.

அதுவும் ஒருமுறை வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும், மென்பொருள் பொறியியலின் முதல் பாடத்திலேயே சொல்கிற பொய். தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயம் ஒன்றுக்கு நல்ல மென்பொருள் செய்து கொடுத்தாயாம். அங்குள்ள சனங்களுக்கு விளக்கம் போதாமல் அதைப் பாவிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ‘பயனர் மறுப்பு’ என்று போர்டில் எழுதி அடியில் கோடு போடுகிறாயாம். பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

இதை எனக்குச் சொன்னவள் என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கச்சி. இந்த வருஷம் உன் வகுப்பில் இருக்கிறாள். அவளும் அதே எல்கடுவ லயத்துப் பிள்ளைதான். உனக்கு அது தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை. அப்போதும் நீ கேட்கவில்லை.

உன் முதல் பாடம் முடிந்த சனிக்கிழமை மாத்தளையில் என் வீட்டுக்கு வந்தவள் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“அக்கா, பெரியம்மா ஆளுங்கதான் அத வேணாம்னு சொன்னாங்களா? சேர் அப்படித்தான் சொல்றாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன்.”

பெரியம்மா என்பது என் அம்மா. சேர் என்பது நீ. உன்னோடு ஒரே வகுப்பு வாங்கில் இருந்து படித்த நான் உன்னை நீங்கள் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். அதனால் நீ என்றே எழுதுகிறேன். வேண்டுமானால் உன் மாணவர்கள் இதை வாசிக்கும்போது மாற்றி வாசித்துக்கொள்ளட்டும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

டிப்ளோமா இரண்டாம் வருஷம். குழுச் செயற்றிட்டம் என்றார்கள். நம் குழுவில் மூன்று பேர். நீ தலைவர். யாரும் உன்னைத் தெரிவு செய்யவில்லை. உன்னிடம் நல்ல லேப்டொப் இருந்தது, அவ்வளவுதான். மற்றவள் மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு விற்கிற வாசனைத் திரவியக் கடை வைத்திருந்த முதலாளியின் மகள். அவளுக்குச் சோதனை வேலை. எனக்கு ‘தேவைகளைத் திரட்டுதல்’. அது கடைசியில் உனக்குத் தேத்தண்ணி வாங்கிவரும் வேலையாகிவிட்டது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எல்லாக் குழுவும் நூலக மென்பொருள் செய்தது. நம் கல்லூரி நூலகத்தில் இருந்த புத்தகங்களை விட நூலக மென்பொருள்கள் அதிகம். நீயும் அதையேதான் செய்யப் பார்த்தாய். நான்தான் ஒரு திங்கட்கிழமை ஊரிலிருந்து பஸ் பிந்தி வந்த எரிச்சலில், எங்கள் லயத்தில் விடிந்தால் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒரே சத்தம், மனுசருக்கு நித்திரை இல்லை என்றேன். உன் கண் விரிந்தது. சமூகப் பிரச்சினை கிடைத்துவிட்டது என்றாய். நான் நித்திரையைப் பற்றித்தான் முறைப்பாடு செய்தேன். நீ அதைத் தண்ணீர்ப் பிரச்சினையாக எழுதிக்கொண்டாய்.

மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒருவர் புலம்புவது வேறு, அவருக்குத் தேவையானது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிறையக் கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விகளைத்தான் தேவைகளைத் திரட்டுதல் என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அதற்குப் படமெல்லாம் போட்டிருக்கும். படத்தில் எல்லாரும் கோட் போட்டிருப்பார்கள்.

நீ எங்கள் லயத்துக்கு ஒரே ஒருமுறை வந்தாய். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். விடிகாலைப் பிரச்சினையைப் பார்க்கப் பின்னேரம் வந்தவன் நீ. திரீவீல்காரர் பாதி வழியில் இனி ஏறாது என்று இறக்கிவிட்டார். மழையில் நடந்து வந்தாய். காலில் அட்டை கடித்ததைக் கண்டு நீ போட்ட சத்தத்துக்கு எங்கள் காலைச் சத்தம் எவ்வளவோ தேவலாம். என் அம்மா சவர்க்காரம் தேய்த்து அட்டையை எடுத்துவிட்டாள். அவளைத்தான் நீ இப்போது விளக்கமில்லாதவள் என்கிறாய்.

பீலியில் அப்போது தண்ணீர் இல்லை. மலைமேல் ஊற்றிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் அது. விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும். நீ காய்ந்த பீலியைப் போட்டோ எடுத்தாய். பிறகு எங்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

“அம்மா, தண்ணி பிடிக்க ஒரு ஒழுங்கு இருந்தா நல்லம்தானே?”

“நல்லதுதான் தம்பி,” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அவள் வேறு என்ன சொல்வாள்? நிலாவுக்கு ரோட்டுப் போட்டால் நல்லம்தானே என்று கேட்டிருந்தாலும் நல்லதுதான் தம்பி என்றிருப்பாள். கூடவே ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்திருப்பாள். நீ ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, ‘பயனர் நேர்காணல் நடத்தப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதினாய்.

எங்களிடம் ஒழுங்கு ஏற்கெனவே இருந்தது. அதை உன்னிடம் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை, கல்லூரிக் கன்டீனில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன். முதல் நாள் பொழுதுபட்டதும் ஒவ்வொரு வீட்டுக் காம்பராவிலிருந்தும் வாளியோ குடமோ கொண்டுபோய்ப் பீலியடியில் வரிசையாக வைத்துவிடுவார்கள். வரிசையில் நிற்பது மனுசர் இல்லை, வாளி. விடியத் தண்ணீர் வந்ததும் பீலியடியில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தங்களுடையதை நிரப்பிவிட்டு அடுத்ததையும் வைத்துவிடுவார்கள். அதன் சொந்தக்காரி அப்போது அடுப்படியில் இருப்பாள். அவள் வந்து பார்க்கும்போது வாளி நிரம்பி ஓரத்தில் இருக்கும். அவள் அடுத்த இரண்டு வாளியை நிரப்பிவிட்டுப் போவாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக முன் எல்லா வீட்டிலும் தண்ணீர் இருக்கும். சத்தம் எதற்கென்றால், என் குடத்தை நசுக்கினாய், உன் மகன் என் வாளியில் கால் கழுவினான் என்பதற்கு. அது தண்ணீருக்கான சண்டை இல்லை. அது எங்கள் காலைச் செய்தி.

நீ பொறுமையாகக் கேட்டாய் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதியில் நிறுத்தினாய். மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவன் நீ. ஆனால் எரிச்சல் வந்தால் உன் அப்பா அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ் உன் வாயில் வந்துவிடும்.

“அது பழக்கம். தேவை இல்லை. பழக்கத்தை எல்லாம் சிஸ்டத்துக்குள்ள கொண்டுவர ஏலாது.”

உன் வகுப்பில் இதை நீ சொல்வதில்லை என்று தங்கச்சி சொன்னாள். சொல்ல வேண்டும். மென்பொருள் செய்கிறவர்கள் செய்கிற பெரிய பிழை எது என்று பரீட்சையில் கேட்டால் இதையே விடையாக எழுதலாம், முழு மார்க்ஸ் கிடைக்கும்.

உன் திட்டம் இப்படி இருந்தது. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம். விடிகாலையில் முதல் வீட்டுப் போனுக்கு மெசேஜ் போகும்: ‘உங்கள் முறை வந்துவிட்டது. உடனே பீலிக்கு வரவும்.’ அவர்கள் தண்ணீர் பிடித்து முடிந்ததும் ஒன்று என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வந்தால்தான் அடுத்த வீட்டுக்கு மெசேஜ் போகும். நீ எழுதிய புரோகிராம் நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். படித்துப் பார்க்கும்போது தலைவாரிப் பொட்டு வைத்த பிள்ளை மாதிரி இருந்தது. பிழையான வீட்டுக்குப் போகிற பிள்ளை, ஆனால் சுத்தமான பிள்ளை.

போன் இலக்கங்களைச் சேர்க்க நீயே ஒரு படிவம் தயாரித்தாய். உன் அப்பாவுக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. அவர் மேசையில் கிடந்த படிவம் எப்படி இருந்ததோ அப்படியே உன்னுடையதும் இருந்தது. முதல் கேள்வி குடும்பத் தலைவரின் பெயர். இரண்டாவது குடும்பத் தலைவரின் போன் இலக்கம். லயத்துப் பெண்கள் கேட்டதற்குச் சரியாகப் பதில் கொடுத்தார்கள். அரசாங்கப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்றால் புருஷன் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று அவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் புருஷன் பெயரையும் புருஷனின் இலக்கத்தையும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா இல்லை, அம்மா என் அண்ணனின் இலக்கத்தைக் கொடுத்தாள்.

எங்கள் லயத்து ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் கொழும்பில். சாப்பாட்டுக் கடையில், இரும்புக் கடையில், துணிக் கடையில். மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள், தீபாவளிக்கு வருவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படிவத்தை நீ என் கண்ணில் காட்டவே இல்லை. நீ நேரே தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொண்டாய்.

சோதனை எப்படி நடந்தது என்று கேட்பாய். இல்லை, நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். சோதனைக்காரி மாத்தளையில் தன் வீட்டில் இருந்து சோதித்தாள். அவளுடைய போனை முதல் வீடு என்று வைத்தாள், அவள் உம்மாவின் போனை இரண்டாம் வீடு என்று வைத்தாள். மெசேஜ் வந்தது. பதில் போனது. உம்மாவுக்கும் மெசேஜ் வந்தது. உம்மா பீலி என்றால் என்ன என்று கேட்டார். சோதனை வெற்றி.

பிறகு ஆரம்பிக்கிற நாள் வந்தது. நான் முதல் நாளே வீட்டுக்குப் போயிருந்தேன். விடிந்தது. தண்ணீர் வந்தது. வாளிகள் வழக்கம்போல வரிசையில் நகர்ந்தன. பக்கத்துக் காம்பரா அக்கா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. இந்த நேரத்தில் போன் அடித்தால் லயத்தில் அது பெரும்பாலும் சாவுச் செய்தி. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி எடுத்தார். கொழும்பு இரும்புக் கடையிலிருந்து அவர் புருஷன். அவர் பேசியது எங்கள் வாசல் வரை கேட்டது.

“என்னாடி, என்னைய ஒடனே பீலிக்கு வரச் சொல்லுது? நான் இங்கேர்ந்து எப்பிடிடி வாறது? அங்க என்னா நடக்குது?”

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பீலியில் தண்ணி வருது, வேற ஒன்னும் இல்ல, நீங்க சாப்பிட்டீங்களா என்றார். புருஷன் பேசி முடித்து, மெசேஜுக்குப் பதிலாக ஒன்றை அழுத்தியிருக்க வேண்டும். அடுத்த காம்பராவில் போன் அடித்தது. பிறகு அதற்கடுத்தது. லயம் நெடுக ஒன்றன்பின் ஒன்றாகப் போன் அடித்துக்கொண்டே போனது. உன் மென்பொருள் பிழையே இல்லாமல் ஓடியது. வரிசை மட்டும் கொழும்பில் ஓடியது.

என் அண்ணன் அம்மாவைப் போனில் எடுத்தான். தண்ணி புடிச்சியா, பாரமான குடத்த தூக்காத, தங்கச்சிய தூக்கச் சொல்லு என்றான். அண்ணன் அப்படி அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா அன்று பெரட்டுக்குப் போகும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் நம் மூவரும் கன்டீனில் இருந்தோம். சோதனைக்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். உன் முகம் கருத்திருந்தது.

“இந்த நம்பர்ல ஒன்னு சரி லயத்துல அடிச்சிச்சா?” என்று உன்னைக் கேட்டாள். “நானாச்சும் எங்கட உம்மாக்கு அனுப்பினேன். நீ யாருக்கு அனுப்பின?”

நீ இலக்கங்களைப் பெண்களின் போனுக்கு மாற்ற வேண்டும் என்றாய். சரி என்று நான் அந்தக் கிழமை கடைசியில் வீட்டுக்குப் போய்ப் புது இலக்கம் கேட்டேன். ஒருவரும் தரவில்லை. நீ சொல்கிற மறுப்பு அதுவாக இருந்தால், எதை மறுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் காம்பரா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்பர மாத்தாத புள்ள. ஞாயித்துக்கெழம மட்டும் பேசிக்கிட்டிருந்த மனுசன், இப்ப தெனமும் காலையில கொரலு காட்டுறாரு. ஒங்க மெசேஜ் போனாத்தான் அவருக்கு வீட்டு நெனப்பு வருது. இது பாட்டுக்கு ஓடட்டும்.”

தண்ணீர் அதன் வழியில் வந்தது. வாளிகள் அவற்றின் வழியில் நகர்ந்தன. மெசேஜ் கொழும்புக்குப் போனது. ஒருவர் வீட்டோடு பேசி முடித்து ஒன்றை அழுத்தினால்தான் அடுத்தவருக்கு மெசேஜ் வரும் என்பதால், கொழும்பில் ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் அவசரப்படுத்தினார்களாம். துணிக் கடைக்காரர் நீட்டி நீட்டிப் பேசுகிறார், சீக்கிரம் அழுத்தச் சொல் என்று என் அண்ணன் எனக்கே முறைப்பாடு சொன்னான். எங்கள் பீலியடிச் சண்டை கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

இதைவிட நன்றாக ஒரு மென்பொருள் பாவிக்கப்பட்டதை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன மென்பொருளைத் திருத்துவதுதான் இன்று என் வேலை. சொல்கிறவளுக்கு அனுபவம் இருக்கிறது. செய்தவன் நினைத்த மாதிரிப் பாவிக்காமல், தங்களுக்கு வேண்டிய மாதிரிப் பாவித்தார்கள். அதற்குப் பெயர் மறுப்பு இல்லை.

இதை அப்படியே அறிக்கையில் எழுதலாம் என்று உன்னிடம் சொன்னேன். செய்தது ஒன்று, கிடைத்தது வேறு, கிடைத்ததும் நல்லதுதான் என்று எழுதுவோம் என்றேன். நீ என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தாய்.

“இதை எழுதினா மார்க்ஸ் கிடையாது. மெசேஜ் போச்சுது, பதில் வந்தது. அவ்வளவுதான் காட்டோணும்.”

அதைத்தான் காட்டினாய். பச்சை நிறத்தில் ஒரு வரைபடம். போன மெசேஜ் அத்தனைக்கும் பதில் வந்திருந்தது. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன என்று பரீட்சகர் கேட்கவில்லை. பயனர் ஏற்பு மிகவும் திருப்தி என்று உன் வாயால் நீயே சொன்னாய். நானும் சோதனைக்காரியும் பக்கத்தில் நின்றோம். நல்ல மார்க்ஸ் வந்தது. அன்றைக்கு ஏற்பு என்று சொன்னவன் இன்றைக்கு மறுப்பு என்று போர்டில் எழுதுகிறாய்.

மார்க்ஸ் வந்த மறுநாள் லயத்தில் ஒரு போனும் அடிக்கவில்லை. எனக்குத்தான் அடித்தது. அண்ணன் எடுத்தான். தங்கச்சி, இன்னும் என் முறை வரலயே என்றான். பக்கத்துக் காம்பரா அக்கா அம்மாவின் போனிலிருந்து எடுத்தார். துணிக் கடைக்காரர் இன்னும் பேசி முடிக்கவில்லையா என்று கேட்டார். நான் உன்னை எடுத்தேன்.

“புரொஜெக்ட் முடிஞ்சுதுதானே. இனி யாருக்கு ஓடோணும்?” என்றாய்.

முந்தின நாள் எதுவும் சொல்லாமல் நிறுத்தியிருந்தாய். புரோகிராமை எனக்குத் தா, நான் ஓட்டுகிறேன் என்றேன். எல்லாம் உன் லேப்டொப்பில் மட்டும் இருந்தது. அதை நீ முழுதாக அழித்துவிட்டு ஏதோ விளையாட்டு ஏற்றியிருந்தாய். வேறு பிரதி இல்லை. செய்ததை ஓர் இடத்தில் மட்டும் வைக்காதே, கூட வேலை செய்கிறவர்களிடமும் பிரதி இருக்க வேண்டும், பாவிக்கிறவர்களுக்குச் சொல்லாமல் எதையும் நிறுத்தாதே. இவை மூன்றும் உன் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. தங்கச்சியின் பாடக் கொப்பியில் பார்த்தேன், உன் அழகான தலைப்புகளோடு இருக்கின்றன.

அண்ணன் கொஞ்ச நாள் தானாகவே காலையில் அம்மாவை எடுத்தான். பிறகு விட்டுவிட்டான். பக்கத்துக் காம்பரா அக்காவின் புருஷன் திரும்பவும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டார். இவ்வளவுக்கும் எங்கள் சனங்கள் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் தம்பிக்கு வேலை கூடியிருக்கும் என்றாள் அம்மா. திட்டுகிற வேலையை எனக்கு விட்டுவிட்டார்கள்.

சோதனைக்காரி இப்போது அவள் வாப்பாவின் கடையைப் பார்க்கிறாள். பல்லேபொலப் பக்கமிருந்து கராம்பும் மிளகும் வாங்குகிற கடை. போன வருஷம் அதற்கு ஒரு மென்பொருள் எழுத என்னைக் கூப்பிட்டாள். போனதும் ஒரு ஸ்டூலைக் காட்டி, பகல் வரைக்கும் சும்மா இருந்து பார், வாயைத் திறக்காதே என்றாள். அப்படியே இருந்தேன். தும்மல்தான் நிறைய வந்தது. நீ பாடம் நடத்துகிறாய் என்று அவளுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, லைன் வெட்டுப்பட்டதாக நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு கொஞ்சம்தான் வருகிறது. தங்கச்சி போன கிழமை உன் வகுப்பில் கை உயர்த்தினாள். சேர், வேணாம்னு உங்ககிட்ட சொன்னது யாரு என்று கேட்டாளாம். நல்ல கேள்வி, ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்றாயாம். நேரம் முடிய இன்னும் இருந்ததாம். இப்போது அவள் அந்த வகுப்பில் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல யோசிக்கிறாள். தோட்டத்துப் பிள்ளை ஒன்று தன் தாய்மாரை நினைத்துக் குனிந்துகொண்டு கணினி படிப்பது எனக்குச் சம்மதமில்லை. அவளுடைய தாய்மார் குனிய வேண்டிய காரியம் எதுவும் செய்யவில்லை.

அடுத்த மாதம் உன் மாணவர்களின் செயற்றிட்டக் காட்சி நாள். வீட்டுக்காரர்களுக்கும் அழைப்பு உண்டு. தங்கச்சிக்காக என் அம்மா வருகிறாள். பக்கத்துக் காம்பரா அக்கா வருகிறார். அவர் புருஷன் கொழும்பிலிருந்து லீவு போட்டு வருகிறார். முன்வரிசையில் இருப்பார்கள். வரவேற்புரை உன்னுடையது என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது, மைக் உன் கையில் இருக்கும். ஒரு மெசேஜ் கூட வீணாகாமல் பதில் அனுப்பிய சனங்களில் யார், எப்போது, உன்னிடம் வந்து வேண்டாம் என்றார்கள்? அந்த மண்டபத்தில், பிள்ளைகள் எல்லாரும் கேட்க, அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.